மீன் எண்ணெய் மாத்திரையும் முழங்கைச் செதில்களும்

எனக்குச் சொரியாசிஸ் என்னும் தோல்நோய் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. காலையில் படுக்கை விரிப்பை உதறும்போது தரையில் மாவு போலக் கொட்டும் வெள்ளைச் செதில்களை, வீட்டார் எழுவதற்குள் பெருக்கி அள்ளிவிடுவது என் அன்றாட வேலை. மருந்துக் கடைக்காரர் சொன்னதை நம்பி ஒன்றரை ஆண்டுக் காலம் தினமும் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை விழுங்கினேன்; மீன் வாடை ஏப்பத்தைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

டப்பாவின் பின்புறத்தைப் பிறகுதான் படித்தேன். 1000 மில்லிகிராம் எண்ணெயில், மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பமிலங்களான இ.பி.ஏ. 180 மில்லிகிராம், டி.எச்.ஏ. 120 மில்லிகிராம், அவ்வளவே. 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில் நோயாளிகளுக்குத் தினமும் பத்து மாத்திரைகள், அதாவது 1.8 கிராம் இ.பி.ஏ., எட்டு வாரங்கள் தரப்பட்டன. அரிப்பும் சிவப்பும் செதிலும் அவர்களுக்குக் குறைந்தன. நான் எடுத்ததோ அதில் பத்தில் ஒரு பங்கு.

சொரியாசிஸ் தடிப்புகளில் அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் மிகுந்திருப்பதை 1975இலேயே கண்டறிந்துவிட்டார்கள். அதிலிருந்து நொதிகள் உருவாக்கும் லூகோட்ரையீன் பி4 என்னும் அழற்சிப் பொருள் வெள்ளணுக்களைத் தோலுக்கு இழுத்து வருகிறது, இ.பி.ஏ. அதே நொதிகளுக்குப் போட்டியிட்டு, வீரியம் மிகக் குறைந்த பி5ஐ உருவாக்குகிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1993இல் நார்வேயில் 145 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தினமும் 6 கிராம் வீதம் நான்கு மாதங்கள் மீன் எண்ணெய்க் கொழுப்பமிலங்களைக் கொடுத்துப் பார்த்தபோது, மக்காச்சோள எண்ணெய் உட்கொண்டவர்களைவிட அவர்கள் தேறவில்லை. பத்து மாத்திரைக்கு மாறும் எண்ணத்தை அத்துடன் கைவிட்டேன்.

வாசகர் ஒருவரின் மறுமொழி:

ஐயா, அறுபதை நெருங்கும் எனக்கு அதே எண்ணெய் வேறொரு காரணத்துக்காக எழுதித் தரப்பட்டது. சொரியாசிஸுக்கான அசிட்ரெடின் மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதம் ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு 410ஐத் தொட்டது. அம்மருந்தின் அறிந்த பக்கவிளைவு அது. மருத்துவர் அடர்த்தி கூடிய மீன் எண்ணெயைச் சேர்த்து, வறுத்த பண்டங்களையும் நிறுத்தச் சொன்னார். அடுத்த பரிசோதனையில் 240 ஆனது. தோல் தேறியதற்கு அசிட்ரெடினே காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மீன் எண்ணெய் இல்லையேல் அம்மருந்தை நிறுத்த நேர்ந்திருக்கும். வெறும் வயிற்றில் விழுங்காமல் மதியச் சோற்றுக்கு நடுவே எடுத்துக்கொள்வதால், தாங்கள் சொன்ன ஏப்பத் தொல்லையும் இப்போது இல்லை.