கழுவ லேசான கோழிக்கூடு அடிப்பது எப்படி?

உப்புவெளி வளவு:
ஆறு பேடு, ஒரு சேவல், எல்லாம் ஊர்க்கோழி. இப்போதுள்ள கூடு தாத்தா அடித்தது. மண் தரை, கிடுகுக் கூரை, உள்ளே போனால் நிமிர முடியாது. போன மார்கழி மழையில் சேறும் எச்சமும் கூழாகி, மண்வெட்டியால் அள்ளினேன். நாற்றத்தில் பக்கத்து வீட்டு மாமி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐப்பசிக்கு முன் புதிதாக அடிக்க வேண்டும். தரைக்குக் கம்பி வலையா, சீமெந்தா?

சாம்பல்தீவுக்காரி:
தங்கச்சி, இரண்டும் வேண்டாம். பகலில் கோழி வளவில்தானே திரிகிறது? கூட்டுக்குள் சேரும் எச்சத்தில் பெரும்பங்கு இரவில், அது குந்தும் தடிக்கு நேர் கீழே விழுவதுதான். அதை மட்டும் வெளியே இழுக்க முடிந்தால் போதும்.

என் கூடு 4 அடி நீளம், 3 அடி அகலம், கால் உயரம் 2½ அடி. அகலத்தைக் கூட்டாதீர்கள். கதவில் சாய்ந்து கை நீட்டினால் பின்சுவர் எட்ட வேண்டும். எட்டாத மூலையை நான் ஒருநாளும் துடைத்ததில்லை. தடிக்குக் கீழே தகரத்தை ஓரம் மடித்து, லாச்சி மாதிரி இழுக்கும்படி வைத்திருக்கிறேன். அதில் உமியும் அடுப்புச் சாம்பலும். காலையில் தேத்தண்ணி கொதிப்பதற்குள் கொட்டிவிட்டு வந்துவிடலாம். நேரே செடியடியில் மட்டும் கொட்டாதீர்கள். நாலு கத்தரிக் கன்றைக் கருக்கியிருக்கிறேன். கிடங்கில் இரண்டு மூன்று மாதம் உக்கட்டும்.

கம்பி வலைத் தரை நானும் போட்டேன். உப்புக்காற்றும் எச்சமும் பட்டு இரண்டாம் வருடமே கறள். வலையைப் பக்கச் சுவருக்கு வையுங்கள், அரை அங்குலக் கண், கீரி வராது.

தடியை ஆணி அடித்து இறுக்காமல் இரண்டு பக்கமும் வெட்டிய பள்ளத்தில் வையுங்கள், கழற்றலாம். கவிழ்த்துப் பார்த்தால் வெடிப்புக்குள் சாம்பல் தூவியது போல் இருக்கும். விரலால் தேய்த்தால் சிவக்கும். இரத்தம் குடித்த செள்ளு அது. கொதிதண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவிட்டு, வேப்பெண்ணெய் பூசுவேன்.

மூதூர்க்காரன்:
அக்கா, கரையோரத்தில் தகரமும் கறள் பிடிக்கும்தானே? நான் பலகையில் பழைய பெனரை இழுத்து அடித்திருக்கிறேன். தேர்தல் முடிந்தால் ஊரில் பெனருக்கா பஞ்சம்? ஒரு வேட்பாளர் தினமும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார், ஒரு வாளித் தண்ணீரில் முகம் பளிச்சென்று ஆகிவிடும். அப்புறம், வடகிழக்குப் பக்கத்தைப் பலகையால் அடைத்துவிடுங்கள். மாரி மழை அங்கேயிருந்துதான் அடிக்கும். கதவு தெற்கே.

உப்புவெளி வளவு:
பெனர் யோசனை பிடித்திருக்கிறது. தடி எவ்வளவு தடிப்பு? சீமெந்து இரண்டு பை வாங்கிவிட்டேனே!

சாம்பல்தீவுக்காரி:
2 அங்குலம், மேல் விளிம்பைச் சீவி உருட்டிவிடுங்கள். சீமெந்தை நாலு காலுக்கும் அடியில் போடுங்கள், கறையான் லேசில் ஏறாது. மிச்சத்துக்கு மாமியைக் கேட்டுப் பாருங்கள், கிணற்றடி உடைந்து கிடக்கும்.