ஆயா வீட்டுக் குழுவில்: நாளைக்கு முதல் மட்டை யார்?

குழு: ஆயா வீடு, சாட்ஸ்வர்த், டர்பன்
வெள்ளிக்கிழமை மாலை

குமரன்: எல்லோருக்கும் வணக்கம். லோகன் அத்தானுக்கு வேலையில் ஷிப்டை மாற்றிவிட்டார்கள். நாளை பேஸ்பால் ஆட வரமாட்டார். எதிரணி மெரிபேங்க் வீட்டாரிடம் காலை 8 மணிக்கு, யார் யாருக்குப் பின் மட்டை பிடிப்பது என்ற வரிசைத் தாள் கொடுத்தாக வேண்டும். முதலில் மட்டை பிடிக்க யாரைப் போடலாம்?

செல்வா: ஐயோ

செல்வா: அத்தான் இல்லாமலா

ரூபன்: நான் ரெடி

மூர்த்தி சித்தப்பா: இதில் கேட்க என்ன இருக்கிறது? ரூபன்தான். நம் வீட்டில் அவனைவிட வேகமாக ஓடுகிறவன் யார்?

சரோ அத்தை: ஞாயிற்றுக்கிழமைக் கூழுக்கு இன்னும் இரண்டு கேஸ் அடுப்பு வேண்டும். யார் வீட்டில் இருக்கிறது?

குமரன்: அத்தை, ஒரு நிமிஷம். இதை முடித்துவிடுகிறோம்.

சரோ அத்தை: அம்மன் காத்திருப்பாள், உங்கள் பேஸ்பால் காத்திருக்காதோ?

தேவன் மாமா: குமரன், அவசரப்படாதே. முதல் ஆளுக்கு ஓட்டம் வேண்டும் என்பது பழைய பேச்சு. முதல் ஆளின் வேலை அவுட் ஆகாமல் பேஸுக்கு, அதாவது ஓடி நிற்கும் மூலைக்கு, போய்ச் சேர்வது, அவ்வளவுதான். அடித்துப் போனாலும் சரி, நான்கு கெட்ட பந்தை விட்டுவிட்டு நடந்து போனாலும் சரி. கணக்கைப் பார். நாம் ஆடுவது 7 இன்னிங்ஸ். இன்னிங்ஸுக்கு 3 அவுட், மொத்தம் 21. நம் ஆட்களில் ஒருவர்கூட பேஸ் ஏறவில்லை என்றே வைத்துக்கொள். அப்போதும் 21 முறை யாராவது மட்டை பிடித்தாக வேண்டும். 9 பேர் வரிசையில் முதல் மூன்று பேருக்கு 3 முறை வரும், மீதி ஆறு பேருக்கு 2 முறைதான். அமெரிக்கப் பெரிய லீக்கில் சீசனுக்கு 162 ஆட்டம். அங்கே வரிசையில் ஓர் இடம் கீழே இறங்கினால் சீசனில் சுமார் 18 வாய்ப்பு போய்விடும். 162-ஐ 9-ஆல் வகுத்துப் பார், வரும். ஆகவே அதிகம் வாய்ப்பு கிடைக்கும் இடத்தில், குறைவாக அவுட் ஆகிறவரை வைக்க வேண்டும்.

செல்வா: பள்ளிக்கூடம் திறந்தாயிற்று

ரூபன்: 😂

மூர்த்தி சித்தப்பா: அத்தான், பெயரைச் சொல்லுங்கள்.

தேவன் மாமா: நிம்மி.

மூர்த்தி சித்தப்பா: அதானே பார்த்தேன்.

மூர்த்தி சித்தப்பா: சொந்த மகள் என்றதும் வகுத்தல் கணக்கு நன்றாக வருகிறது.

சரோ அத்தை: நிம்மி நாளைக்கு என்னோடு உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்க வேண்டும். அவளை யார் விட்டது?

செல்வா: மாமா, அமெரிக்கப் பெரிய லீக்கில் ரிக்கி ஹென்டர்சன் முதல் ஆள்தானே? அவர் ஓடித்தானே பெயர் வாங்கினார்? 1406 பேஸ் திருடியவர், அதாவது பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்தவர்.

தேவன் மாமா: நல்ல கேள்வி. எல்லோரும் அந்த 1406-ஐத்தான் சொல்வார்கள். அதே மனிதர் 25 சீசனில் 2190 முறை வாக் (கெட்ட பந்தை விட்டு நடந்தே பேஸ் போவது) வாங்கினார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். திருட வேண்டுமென்றால் முதலில் பேஸில் நிற்க வேண்டும் அல்லவா? 1982-ல் 130 திருடினார். அந்த வருஷமே 42 முறை பிடிபட்டார். பிடிபட்டால் பேஸும் போச்சு, ஓர் அவுட்டும் போச்சு. நாலு தடவைக்கு மூன்று தடவையாவது தப்பினால்தான் திருடுவதில் லாபம்.

பெரியம்மா: யார் வீட்டில் திருட்டு?

பெரியம்மா: மூன்று தடவையா? நம் தெருவிலா?

குமரன்: அம்மா, ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

பெரியம்மா: மூலை வீட்டுக்காரரும் நேற்று ஏதோ சொன்னார். எல்லோரும் கேட்டைப் பூட்டுங்கள். குமரன், நம் நாயை உள்ளே கட்டாதே.

ரூபன்: பெரியம்மா, நானும் இரண்டு தடவை திருடியிருக்கிறேன் 😂

பெரியம்மா: 😡

மூர்த்தி சித்தப்பா: கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஹஷிம் ஆம்லா நம் டர்பன் பையன். ஒருநாள் ஆட்டத்தில் முதலில் இறங்கினார். நல்ல ஆட்டக்காரரைத்தானே முதலில் இறக்குகிறோம்?

தேவன் மாமா: மூர்த்தி, நீயே எனக்குச் சாட்சி சொல்கிறாய். ஆம்லாவின் பெருமை எந்தப் பந்தை விடுவது என்று தெரிந்ததுதான். ஆனால் கிரிக்கெட்டில் பந்தை விட்டால் ஒன்றும் கிடைக்காது, நேரம்தான் போகும். பேஸ்பாலில் நான்கு கெட்ட பந்தை விட்டால் பேஸே கிடைக்கும். கிரிக்கெட் ஆடி வந்த நம் பையன்களுக்கு இதுதான் மண்டையில் ஏறவில்லை. வந்த பந்தை எல்லாம் அடிக்கப் போகிறார்கள். ரூபன், உன்னைத்தான் சொல்கிறேன்.

ரூபன்: நான் என்ன செய்தேன்

குமரன்: போன வருஷம் தரையில் குத்தி வந்த பந்துக்கு மட்டை வீசினாயே. தொப்பி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். கேட்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செல்வா: அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது

ரூபன்: அனுப்பாதீர்கள் அண்ணா

தேவன் மாமா: நிம்மியையும் ஞாபகப்படுத்திப் பாருங்கள். போன வருஷம் மெரிபேங்க் ராஜன்தானே பந்து போட்டான். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகும் (மூன்றானால் அவுட்) நல்ல பந்தை எல்லாம் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். கெட்ட பந்துக்குத் தோளைக்கூட அசைக்கவில்லை. ராஜன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான், ஷூ நாடாவைக் கட்டினான், மறுபடி அவிழ்த்துக் கட்டினான். அப்புறம் நான்காவது கெட்ட பந்து, நிம்மி நடந்தே பேஸுக்குப் போனாள். அடுத்து வந்தவனுக்கு அவன் போட்ட முதல் பந்தே நடுவில் விழுந்தது. அதைத்தான் லோகன் மதிலுக்கு அனுப்பினான்.

மூர்த்தி சித்தப்பா: லோகன் அடித்தான். நிம்மி நின்றாள். பெயர் மட்டும் நிம்மிக்கு.

மூர்த்தி சித்தப்பா: எப்போதும் அந்த வீட்டுக்குத்தான் முதலிடம். வீடு விற்றபோதும் அப்படித்தானே நடந்தது.

சரோ அத்தை: மூர்த்தி, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

மூர்த்தி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வா: நான் படித்துவிட்டேன்

பெரியம்மா: நானும். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இது எதற்கு? விளக்கேற்றினீர்களா எல்லோரும்?

சரோ அத்தை: பேச்சு வந்ததால் கேட்கிறேன். மூர்த்தி, என் பெரிய பானையின் மூடி உன் வீட்டில்தான் இருக்கிறது. உன் கிரகப்பிரவேசத்துக்குப் போனது, பானை மட்டும் வந்தது.

மூர்த்தி சித்தப்பா: மூடி அப்போதே கொடுத்தாயிற்று அக்கா.

சரோ அத்தை: வந்த மூடி வேறு. அது பிரியாணிப் பானையின் மூடி. கூழ்ப் பானைக்குச் சிறிது.

நிம்மி: என்னை யாராவது கேட்டீர்களா?

குமரன்: கேட்கத்தான் இருந்தேன். நாளைக்கு வருகிறாயா?

நிம்மி: வருவேன். ஆனால் முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது. பேஸுக்குப் போய்ச் சேர்வேன், அங்கிருந்து ஓடச் சொல்லாதீர்கள்.

மூர்த்தி சித்தப்பா: கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆள், ஓடமாட்டாளாம்.

தேவன் மாமா: அதனால் என்ன? கைல் ஷ்வார்பர் என்று ஃபிலடெல்ஃபியா அணியில் ஒருவர். நல்ல கனமான ஆள். 2023-ல் அவரைத்தான் முதலில் இறக்கினார்கள். அடித்த சராசரி வெறும் .197, பத்து தடவைக்கு இரண்டு ஹிட்கூட இல்லை. பேப்பரில் பார்த்தால் இந்த ஆளையா என்று கேட்போம். ஆனால் 126 வாக், 47 ஹோம் ரன். நான் சொல்ல வருவது

தேவன் மாமா: (மன்னிக்கவும், கை பட்டு அனுப்பிவிட்டேன்) நான் சொல்ல வருவது, அவர் பேஸில் நிற்பார் அல்லது பந்தை அரங்குக்கு வெளியே அனுப்புவார். காலைப் பற்றி அந்த அணியில் யாரும் கவலைப்படவில்லை. அதே வருஷம் லாஸ் ஏஞ்சலஸில் மூக்கி பெட்ஸ் முதல் இடத்தில் நின்று 107 ஓட்டம் அடித்துக் கொடுத்தார். முதல் இடத்துக்காரர்களில் அது சாதனை.

ரூபன்: நிம்மி அக்கா ஹோம் ரன் அடிப்பாரா மாமா?

நிம்மி: உன் தலையில் அடிப்பேன்.

செல்வா: இங்கே ராண்ட்பர்க் பையன் கிஃப்ட் ங்கோபேயை யாரும் சொல்லவில்லையே. 2017 ஏப்ரலில் பிட்ஸ்பர்க் அணிக்கு வந்து, முதல் தடவை மட்டை பிடித்தபோதே ஹிட். ஆப்பிரிக்காவில் பிறந்து பெரிய லீக்கில் ஆடிய முதல் ஆள். அவர் அம்மா ராண்ட்பர்க் பேஸ்பால் கிளப்பில் வேலை பார்த்தவர். கிளப் கட்டடத்திலேயே வளர்ந்த பையன்.

பெரியம்மா: அந்த அம்மா புண்ணியவதி.

பெரியம்மா: செல்வா, நீ சாப்பிட்டாயா? ஜோபர்க்கில் குளிராமே.

செல்வா: சாப்பிட்டேன் அம்மா. ஜூலை இறுதியில் குளிராமல் என்ன.

குமரன்: விஷயத்துக்கு வருவோம். தாளைக் கொடுத்த பிறகு வரிசையை மாற்ற முடியாது. வெளியே எடுத்த ஆள் திரும்ப உள்ளே வரவும் முடியாது. முறை மாறி யாராவது மட்டை பிடித்து, அவர்கள் கேட்டுவிட்டால், வர வேண்டிய ஆள் அவுட். போன வருஷம் மெரிபேங்க் பெரியவர் பென்சிலும் கையுமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரூபன்: அவர் ஆட்டமே பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார்

நிம்மி: ஒரு யோசனை. நான் 1, ரூபன் 2.

தேவன் மாமா: 2 வேண்டாம். முன்னால் நிம்மி மெதுவாக ஓடினால் பின்னால் வரும் ரூபனின் வேகம் வீண். முன்னால் நிற்பவரைத் தாண்டி ஓட முடியாதே, தாண்டினால் அவுட். ரூபன் 9 என்று போடு. முதல் சுற்று முடிந்துவிட்டால் 9-க்கு அடுத்தது 1-தான். ரூபன் பேஸில் நிற்க, நிம்மி மட்டை பிடிப்பாள். அவன் முன்னால், அவள் பின்னால். யாரும் யாரையும் மறிக்க மாட்டார்கள். முதல் ஆள் முதல் ஆளாக இறங்குவது நிச்சயமாக ஒரே ஒரு இன்னிங்ஸில்தான். அதன் பிறகு அது ஒரு வட்டம்.

மூர்த்தி சித்தப்பா: 9 என்றால் கடைசி. என் பையனைக் கடைசியில் போட்டுவிட்டு வட்டம் என்கிறீர்கள்.

தேவன் மாமா: வட்டத்துக்குக் கடைசி எங்கே இருக்கிறது மூர்த்தி?

மூர்த்தி சித்தப்பா: தாளில் இருக்கிறது அத்தான்.

குமரன்: சித்தப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 9-க்கு 2 முறைதான் நிச்சயம் என்று மாமாவே சொன்னார்.

தேவன் மாமா: நிச்சயம் 2. நன்றாக ஆடினால் 3, 4 வரும். நன்றாக ஆடுங்கள்.

குமரன்: சரி, ஓட்டெடுப்பு போடுகிறேன். நிம்மி 1 ரூபன் 9 என்றால் கை. ரூபன் 1 என்றால் நெருப்பு.

செல்வா: ✋

மூர்த்தி சித்தப்பா: 🔥

தேவன் மாமா: ✋

ரூபன்: ✋

மூர்த்தி சித்தப்பா: டேய்

ரூபன்: ராஜன் முதல் இன்னிங்ஸில் கண்டபடி வீசுவான் அப்பா. எனக்கு அவன் களைத்த பிறகு வந்தால் போதும்.

பெரியம்மா: 🔥

குமரன்: அம்மா, நீங்கள் ரூபனுக்கா?

பெரியம்மா: இல்லை, அடுப்புக்கு. என்னிடம் ஓர் அடுப்பு இருக்கிறது, சரோ.

சரோ அத்தை: நல்லது அண்ணி. இன்னும் ஒன்று. அப்புறம் நிம்மியைக் காலையில் விடுகிறேன், மதியம் 2 மணிக்குக் கத்தியோடு வந்து உட்கார வேண்டும். ரூபனும் வரட்டும். ஓடத் தெரிந்தவனுக்கு நறுக்கவும் தெரியட்டும்.

மூர்த்தி சித்தப்பா: ரூபன் 9-ல் ஆடமாட்டான். 3 என்றால் யோசிக்கலாம்.

ரூபன்: அப்பா நான் இங்கேதான் இருக்கிறேன்

குமரன்: 3-ல் லோகன் அத்தான் ஆட்டம் மாதிரி அடிக்கிறவர் வேண்டும். இப்போதைக்குப் பென்சிலில் நிம்மி 1, ரூபன் 9 என்று எழுதி வைக்கிறேன். சித்தப்பா, காலை 7.30-க்கு மைதானத்தில் பேசலாம்.

மூர்த்தி சித்தப்பா: 7 மணிக்கே வருகிறேன்.

தேவன் மாமா: நானும் வருகிறேன். ஷ்வார்பர் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

செல்வா: ஐயோ

நிம்மி: என்னை யார் ஏற்றிக்கொண்டு போவது? அப்பா பெட்ரோல் போடவில்லை.

மூர்த்தி சித்தப்பா: என் பேக்கி வண்டியில் வா. 6.40-க்குக் கேட்டில் நில். உன் அம்மாவிடம் அந்த மூடியையும் கொடுத்தனுப்பச் சொல், எது எந்தப் பானைக்கு என்று பார்த்துவிடலாம்.

ரூபன்: பேக்கியில் எனக்கு இடம்?

மூர்த்தி சித்தப்பா: பின்னால்.