டோ பார் பூட்டிய பாவித்த கார்: வாங்க முதல் எதைப் பார்க்க வேணும்?

வெம்பிளிக்காரன் எழுதியது:

வணக்கம். 2016 டீசல் எஸ்டேட் கார் ஒன்று பார்த்து வைச்சிருக்கிறன். மனுவல் கியர், 82,000 மைல். பின்னால டிரெய்லர் மாட்டி இழுக்கிறதுக்குக் கழற்றிப் பூட்டுற டோ பார், டிரெய்லர் லைற்றுக்கு 13 பின் சொக்கெற். விக்கிறவர் "1,500 கிலோ இழுக்கும், டோ பாருக்கே 800 பவுண் போச்சு" எண்டு சொல்லி விலையில இறங்க மாட்டன் எண்டுறார். நான் இழுக்கப்போறது கோயில் திருவிழாக்களுக்குக் கொண்டுபோற சாப்பாட்டு டிரெய்லர். பிரேக் உள்ளது, சாமானோட 1,300 கிலோ வரும், அதின்ர பிளக் பழைய 7 பின். எஞ்சின், பொடி பார்க்கத் தெரியும். டோ பார்தான் புதுசு. எதைப் பார்க்க வேணும், எதைக் கேக்க வேணும்? மொடல் பெயர் போடேல்ல. போட்டால் எல்லாரும் அதைப் பற்றித்தான் கதைப்பியள்.

ஸ்பனர்செட் எழுதியது:

தம்பி, டோ பாருக்குக் கீழே குனிய முதல் கார் இழுக்கலாமா என்று பாருங்கோ. டோ பார் பூட்டியிருக்கு என்பது அதற்கு அத்தாட்சி இல்லை. சைக்கிள் தாங்கி மாட்டுறதுக்கென்றே பூட்டின கார்கள் இங்கே நிறைய ஓடுது. சில ஹைப்ரிட் கார்களுக்கும் ஆரம்பகால மின்சாரக் கார்களுக்கும் டிரெய்லர் இழுக்க அனுமதியே இல்லை.

காரின் அடையாள எண் பொறிச்ச வின் தகட்டைத் தேடுங்கோ. பெரும்பாலும் கதவுத் தூணில் இருக்கும், இல்லையென்றால் பொனெற்றுக்குக் கீழே. அதில் நாலு எடை ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். முதலாவது காரின் உச்ச மொத்த எடை. இரண்டாவது காரும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை. மற்ற இரண்டும் முன் அச்சும் பின் அச்சும். இரண்டாவதில் இருந்து முதலாவதைக் கழியுங்கோ. வருவதுதான் முழுப் பாரத்தோட கார் இழுக்கக்கூடிய டிரெய்லர். இரண்டாவது வரி வெறுமையாகவோ பூச்சியமாகவோ இருந்தால் அந்தக் கதை அதோட முடிஞ்சுது. கையேட்டில் இதைவிடக் குறைந்த எண் இருந்தால் குறைந்ததைத்தான் எடுக்க வேணும்.

பிறகு டோ பாரின் தகடு. 1998 ஓகஸ்ட் 1க்குப் பிறகு முதல் பதிவான காருக்கு அந்த மொடலுக்கென்று வகை அங்கீகாரம் பெற்ற டோ பார்தான் பூட்டலாம். தகட்டில் அங்கீகார எண், டி மதிப்பு, எஸ் மதிப்பு மூன்றும் இருக்க வேணும். தகடே இல்லை, அல்லது கறுப்புப் பெயின்ற் அடிச்சு மூடிக் கிடக்கு என்றால் பூட்டின கடையின் ரசீது கேளுங்கோ. அதுவும் இல்லையென்றால் அந்த டோ பாருக்கு ஒரு பவுணும் குடுக்க வேண்டாம்.

டி மதிப்பு என்பது டோ பார் தாங்கக்கூடிய இழுவிசை, கிலோநியூட்டனில் இருக்கும். கணக்கு இதுதான்: காரின் உச்ச எடையையும் டிரெய்லரின் உச்ச எடையையும் டன்னில் எடுத்துப் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81 ஆல் பெருக்குங்கோ. தகட்டில் உள்ள எண் அதற்குக் குறையக் கூடாது.

எஸ் மதிப்புத்தான் ஆட்கள் மறக்கிறது. டிரெய்லரின் மூக்கு டோ பார் பந்தை எத்தனை கிலோவில் அழுத்தலாம் என்பது அது. காருக்கு ஒரு எண், டோ பாருக்கு ஒரு எண், பந்தில் மாட்டுற டிரெய்லர் கப்பிளிங்குக்கு ஒரு எண். மூன்றிலும் சிறியதுதான் உங்கட எல்லை. உங்கட டிரெய்லரில் கேஸ் சிலிண்டர் முன்னுக்கா பின்னுக்கா? தோசைக்கல்லும் தண்ணீர்த் தொட்டியும் எங்கே? சாமான் எல்லாம் ஏற்றி, மூக்கைப் பந்தின் உயரத்துக்கே தூக்கி, அளவாக வெட்டின கட்டையை இடையில் நிறுத்தி, குளியலறைத் தராசில் வைச்சுப் பாருங்கோ. மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் நல்லது. அதற்குக் குறைஞ்சால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். கூடினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து முன் ரயர் பிடிப்பு குறையும். இன்னொன்று, இந்த எடை காருக்குள் ஏற்றின சாமானாகத்தான் கணக்கு. பின் அச்சின் எல்லைக்குள்ளும் அது அடங்க வேணும்.

வயரிங்வாத்தியார் எழுதியது:

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனா செகண்ட் ஹேண்ட் காரில் தலைவலி குடுக்கிறது இரும்பு இல்லைங்க, வயரிங்தான்.

ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு அந்தக் காருக்குன்னே வர்ற டெடிகேட்டட் கிட். காரோட கம்ப்யூட்டர்கிட்ட "டிரெய்லர் மாட்டியாச்சு"ன்னு சொல்லும். அப்போ ரிவர்ஸ் சென்சார் தானா ஆஃப் ஆகும், காரோட பின் ஃபாக் லைட் அணைஞ்சு டிரெய்லரோடது மட்டும் எரியும், காரில் டிரெய்லர் வாலாட்டத்தை அடக்குற ஸ்டெபிலிட்டி வசதி இருந்தா அதுவும் விழிச்சுக்கும். இன்னொண்ணு யுனிவர்சல் கிட்: பின் விளக்கு வயர்லேர்ந்து சிக்னலை மட்டும் எடுத்து, பேட்டரிலேர்ந்து தனி கரெண்டில் பைபாஸ் ரிலே வழியா டிரெய்லர் லைட்டை எரிய வைக்கும். நல்லா பண்ணியிருந்தா தப்பில்லை, ஆனா ஸ்டெபிலிட்டி வசதி கிடைக்காது. மூணாவதா ஒரு வகை உண்டு, அதைக் கிட்டுன்னு சொல்ல முடியாது: ரிலேயே இல்லாம பின் விளக்கு வயரைக் கடிச்சு இணைக்கிற நீல கிளிப் போட்டு இழுத்தது. அந்த கிளிப் செம்பு இழையில் பாதியை வெட்டிடும், ஈரம் ஏறி பச்சை பூக்கும், ரெண்டு மழைக்காலத்துல இண்டிகேட்டர் கோளாறு தொடங்கும்.

டிக்கியோட பக்கவாட்டு மூடியைக் கழட்டிப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. நீல கிளிப், இன்சுலேஷன் டேப் சுத்தின முறுக்கு இணைப்பு, ஃபியூஸ் இல்லாம பேட்டரிலேர்ந்து வர்ற வயர் இதுல எது இருந்தாலும் புது வயரிங் செலவை விலையில் கழிச்சுக் கேளுங்க.

சாக்கெட் மூடியைத் திறந்து பார்க்கணும். பின்கள் பித்தளை நிறத்தில் இருக்கணும், பச்சையா இருக்கக் கூடாது. ஒரு 13 பின் டெஸ்டர் வாங்கிட்டுப் போங்க, பெரிய செலவில்லை. இல்லேன்னா மல்ட்டிமீட்டர் போதும். பின் 3 எர்த். அதை வெச்சு 1 இடது இண்டிகேட்டர், 2 ஃபாக், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது சைடு லைட், 6 பிரேக், 7 இடது சைடு லைட், 8 ரிவர்ஸ். 9 எப்பவும் கரெண்ட் இருக்கிறது, 10 எஞ்சின் ஓடும்போது மட்டும். 9க்கு எர்த் 13, 10க்கு எர்த் 11. சும்மா விளக்குக்கு மட்டும் வயர் போட்டு 9, 10, 11, 13 எல்லாத்தையும் காலியா விட்ட சாக்கெட் நிறைய பார்க்கலாம். உங்க டிரெய்லரோடது 7 பின்ங்கிறதால அது இப்போ உறுத்தாது. பின்னாடி கேரவன் எடுத்தா உறுத்தும்.

மீட்டர் பத்தி ஒரு விஷயம்: விளக்கு எரியாதப்பவும் சில பின்ல வோல்ட் வந்து வந்து போகும். பல்பு உயிரோட இருக்கான்னு கார் அனுப்பிப் பார்க்கிற துடிப்பு அது. பயப்படாதீங்க.

13லேர்ந்து 7க்கு அடாப்டர் வேணும். ஆனா டிரெய்லரைக் கழட்டினதும் அடாப்டரையும் கழட்டிடுங்க. அப்படியே விட்டா சாக்கெட் மூடி திறந்தே கிடக்கும், தண்ணி உள்ள போகும்.

வெம்பிளிக்காரன் எழுதியது:

இண்டைக்குப் போய்ப் பார்த்தன். வின் தகட்டில 1,950, 3,450. டோ பார் தகட்டில டி 8.5, எஸ் 75. டோ பாரின்ர திறப்பு ஒண்டுதான் இருக்காம். டெஸ்டர் போட்டால் எல்லா லைற்றும் எரியுது, ஆனால் அதைப் போட்டபடி ரிவர்ஸ் போட்டால் சென்சார் கத்திக்கொண்டே இருக்கு.

வயரிங்வாத்தியார் எழுதியது:

உடனே யுனிவர்சல்னு முடிவு கட்டாதீங்க. எல்.இ.டி. டெஸ்டர் இழுக்கிற கரெண்ட் ரொம்பக் கம்மி, சில டெடிகேட்டட் கிட் அதை டிரெய்லர்னே எடுத்துக்காது. 21 வாட் பல்பு உள்ள நிஜ டிரெய்லர் போர்டை மாட்டி மறுபடி பாருங்க. அப்பவும் கத்தினா ஒண்ணு யுனிவர்சல், இல்லேன்னா டெடிகேட்டட் கிட்டைப் போட்டுட்டு காரோட கம்ப்யூட்டர்ல அதைப் பதிவு பண்ற கோடிங் பண்ணாம விட்டிருக்காங்க. ரெண்டாவதுன்னா நல்லது, டயக்னாஸ்டிக் கருவி உள்ள கடையில் கோடிங் மட்டும் பண்ணிக்கலாம். டிக்கி மூடிக்குள்ள இருக்கிற பெட்டியில் என்ன பேர், என்ன எண்ணுன்னு ஒரு படம் எடுத்துப் போடுங்க.

லூட்டன்கராஜ் எழுதியது:

எண்கள் பொருந்துது. 3,450 கழி 1,950, மிச்சம் 1,500. விக்கிறவர் சொன்னது உண்மை. உங்கட 1,300க்கு டி கணக்கு 7.65 வரும், பாரில் 8.5 இருக்கு. 75 கிலோ எஸ் கொஞ்சம் இறுக்கம்: 1,300இல் 5 சதவீதமே 65. அதனால் மூக்கெடை 65க்கும் 75க்கும் இடையில் நிக்க வேணும். கார், கப்பிளிங் எண்களையும் பார்த்துக்கொள்ளுங்கோ.

இனி, இந்தக் கார் என்ன இழுத்தது என்று பந்து சொல்லும். பெயின்ற் அப்படியே இருந்தால் சைக்கிள்தான், அல்லது ஒன்றுமில்லை. சுற்றிவர மினுங்கினால் அடிக்கடி இழுத்திருக்கு. வேர்னியர் கலிப்பர் வைச்சு நாலு பக்கமும் அளவுங்கோ. புதுசு 50 மில்லிமீற்றர். எந்தப் பக்கத்திலாவது 49க்கு வந்தால் மாற்ற வேணும். கழற்றுற வகையில் பந்து தனியாக வராது, பந்தைத் தாங்குற முழுக் கழுத்தையும் மாற்ற வேண்டிவரும். அது மலிவில்லை.

கழுத்தை நீங்களே கழற்றிப் பூட்டிப் பாருங்கோ, அவர் செய்து காட்டினால் காணாது. கிளிக் என்று இறுக வேணும், குறி பச்சைக்கு வர வேணும், பூட்டித் திறப்பை எடுத்த பிறகு கையால் ஆட்டினால் துளியும் அசையக் கூடாது. பல வகைகளில் சரியாகப் பூட்டாவிட்டால் திறப்பே வெளியே வராது. திறப்பு இலக்கம் பூட்டிலேயே பொறிச்சிருக்கும், குறிச்சு வைச்சால் இரண்டாவது திறப்பு எடுக்கலாம். கழுத்து நம்பர் பிளேற்றை மறைக்குமென்றால் இழுக்காத நாளில் கழற்றத்தான் வேணும், மறைச்சபடி ஓடினால் குற்றம்.

இப்ப முக்கியமானது. பல கார்களில் டோ பார் பூட்டும்போது பம்பருக்குள் இருக்கிற மோதல் சட்டத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில்தான் டோ பாரைப் பூட்டுவினம். பின்னால் யாரும் இடிச்சால் அடி பந்து வழியாக நேரே சசி நீளச்சட்டத்துக்குப் போகும். பம்பரில் ஒரு கீறல் மட்டும் இருக்கும், உள்ளே சட்டம் சுருங்கியிருக்கும். டிக்கித் தரை விரிப்பைத் தூக்கி ஸ்பெயார் சில்லுக் குழியின் விளிம்பைப் பாருங்கோ: சுருக்கம், வெடிச்ச சீலர், புதுப் பெயின்ற். கீழே டோ பார் போல்ற் ஏறுற இடத்தில் ஊறல் கறை. இடப்பக்கமும் வலப்பக்கமும் கதவு, டிக்கி இடைவெளி சமமா? டோ பாரைப் பிறகு கழற்றுற யோசனை இருந்தால் அந்தப் பழைய மோதல் சட்டம் கராஜில் கிடக்குதா என்று கேளுங்கோ. அது இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் பம்பரோட ஓடக் கூடாது.

மனுவல் டீசல் என்பதால் கிளச். நாலாம் கியரில் 30 மைலில் போய் ஒரேயடியாக மிதியுங்கோ. வேகம் ஏறாமல் எஞ்சின் சுற்று மட்டும் ஏறினால் கிளச் வழுக்குது. நியூட்ரலில் நின்றபடி கிளச்சை மெல்ல விடும்போதும், எஞ்சினை நிப்பாட்டும்போதும் கடகடவென்றால் எஞ்சின் அதிர்வைத் தணிக்கிற டூவல் மாஸ் ஃபிளைவீல் தேய்ஞ்சிருக்கு. இரண்டும் சேர்த்து மாற்றினால் 1,000 பவுணை நெருங்கும் பில். பின் சில்லு நடுவில் இருந்து மட்கார்ட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கோ, சுருள்வில் தளர்ந்திருந்தால் தெரியும். படகு இழுத்த கார் என்றால் பின் பிரேக் பைப்பும் பின் சப்ஃப்ரேமும் உப்பில் ஊறியிருக்கும். படகா என்று நேராகவே கேளுங்கோ.

எம்.ஓ.டி. என்ற வருடாந்த வாகனச் சோதனையின் வரலாறு அரசாங்க இணையத்தளத்தில் இலவசம், நம்பர் பிளேற் மட்டும் போதும். "டோ பார் துரு", "சொக்கெற் வேலை செய்யேல்ல", "பின் சுருள்வில் உடைவு" போல பழைய குறிப்பு இருக்கா என்று வருஷ வருஷமாகப் பாருங்கோ. இந்த வருஷம் பாஸ் என்பதை வைச்சு வயரிங்கை நம்பாதீங்கோ, எம்.ஓ.டி.யில் டிக்கி மூடியைக் கழற்றிப் பார்க்கிறதில்லை.

ஸ்பனர்செட் எழுதியது:

விட்டுப்போனது மூன்று. டோ பார் இருக்கு என்று காப்புறுதிக் கொம்பனிக்குச் சொல்லுங்கோ, முன்னைய ஆள் பூட்டினதென்றாலும் அது மாற்றம்தான். கார் லைசென்ஸ் வைச்சிருக்கிறவர் பிரிட்டனில் 2021 டிசம்பர் 16 முதல் 3,500 கிலோ டிரெய்லர் வரை தனிச் சோதனை இல்லாமல் இழுக்கலாம், ஆனால் மோட்டர்வேயில் 60 மைல் வேகம்தான், மூன்று லேன் இருந்தால் வலது ஓர லேனுக்குப் போகக் கூடாது. கடைசியாக, டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் போடுற பிரேக்அவே கம்பியைப் பந்தில் சுற்றாமல் மாட்ட டோ பாரில் ஒரு வளையம் இருக்கா என்று பாருங்கோ. கழற்றுற வகைகள் சிலதில் அது கழற்றுற கழுத்திலேயே இருக்கும். கழுத்து கழன்றால் கம்பியும் சேர்ந்து போய்விடும், பிரேக் விழாது. காரோட நிலையாக நிக்கிற பாகத்தில் வளையம் இல்லையென்றால் அதற்கென்று விக்கிற பிடி ஒன்றை வாங்கிப் பூட்டுங்கோ.

விலை: புதுக் கழற்றும் டோ பாரும் டெடிகேட்டட் வயரிங்கும் சேர்த்து அவர் சொன்ன காசு போகக்கூடியதுதான். ஆனால் சென்சார் கத்துது, திறப்பு ஒன்று என்ற இரண்டையும் மேசையில் வைச்சுப் பேசுங்கோ. பல்பு போர்ட் போட்டுப் பார்த்த பிறகு பேசினால் இன்னும் நல்லது.