‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ வேண்டாம், ‘ஆக்சிஜனேற்ற மிகை’ போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (molar pregnancy, நஞ்சுக்கொடித் திசு இயல்புக்கு மாறாக நீர்க்கொப்புளங்களாக வளர்வது) பற்றி நாம் எழுதும் கட்டுரைக்கு, ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு ஈடாக நீங்கள் இதுவரை அனுப்பிய தமிழ்ச் சொற்களை எல்லாம் வரைவில் இட்டு வாசித்துப் பார்த்தேன். முதலில், oxidative stress என்பதற்கு வந்த ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என் மனத்துக்கு ஒப்பவில்லை. இந்த நோயில் இருபது வாரம் ஆவதற்கு முன்பே தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறக்கூடும். ஒரே பத்தியில் ‘இரத்த அழுத்தம் உயர்ந்தது’, ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம் உயர்ந்தது’ என்று அடுத்தடுத்து வந்தால், படிக்கிற பெண் இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்வாள். போதாக்குறைக்கு மன அழுத்தம் வேறு இருக்கிறது.

ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் 1985இல் இந்தக் கருத்தை வரையறுத்தபோது ஒரு சமன்குலைவைத்தான் சொன்னார்: ஆக்சிஜனேற்றும் பொருள்களின் கை ஓங்கி, அவற்றை அடக்க வேண்டியவை ஈடுகொடுக்க முடியாமல் போகும் நிலை. இதில் எதுவும் எதையும் அழுத்தவில்லை. ஒரு பக்கம் மிகுந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே ‘ஆக்சிஜனேற்ற மிகை’ என்பதை முன்மொழிகிறேன். மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்று பேசிப் பழகிய மொழிக்கு இது அந்நியமாக ஒலிக்காது. ‘நெருக்கடி’ என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். நெருக்கடி என்றால் திடீரென்று வந்து தீர்வது. இது வாரக்கணக்கில் நீடிப்பது.

நலமான கர்ப்பத்தில் முதல் சில வாரங்களுக்குத் தாயின் தமனி வாய்களை நஞ்சுக்கொடியின் செல்களே அடைத்து வைத்திருக்கும். குறைந்த ஆக்சிஜனில் கரு பத்திரமாக வளரும். முத்துப்பிள்ளையில் அந்த அடைப்பு சரியாக அமைவதில்லை, தாயின் இரத்தம் முன்கூட்டியே உள்ளே பாய்ந்து ஆக்சிஜன் மிகுந்துவிடுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இதைப் படித்த பிறகு ‘மிகை’ என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை கூடியது.

அடுத்தது, free radical என்பதற்கு வந்த ‘தனி உறுப்பு’ (இணையில்லாத எலக்ட்ரான் கொண்டு, எதையும் எளிதில் தாக்கும் துகள்). பள்ளி வேதியியலில் அது செல்லும். மகப்பேற்றுக் கட்டுரையில் ‘தனி உறுப்புகள் திசுவைத் தாக்குகின்றன’ என்று எழுதினால் வாசகர் எந்த உறுப்பு என்று திகைப்பார். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘சுயாதீன மூலிக’த்தில் இருந்து மூலிகத்தை எடுத்துக்கொண்டு ‘தனி மூலிகம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

antioxidant என்பதற்கு வந்த ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்’ என்பதிலும் சிக்கல் உண்டு. எதிர்ப்பொருள் என்றால் நம் மாணவர்களுக்கு நோயெதிர்ப்புப் புரதம். வைட்டமின் ஈ செய்யும் வேலையைப் பாருங்கள். அது செல் சவ்வின் கொழுப்புக்குள் இருக்கிறது. தனி மூலிகம் ஒரு கொழுப்பு அமிலத்தைத் தாக்க, தாக்குண்டது அடுத்ததைத் தாக்க, சங்கிலியாகச் சேதம் பரவுகிறது. வைட்டமின் ஈ தன் ஹைட்ரஜன் அணு ஒன்றைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கிறது. கொடுத்த பிறகு தானே வீரியம் குறைந்த மூலிகமாகி நிற்கிறது. சவ்வுக்கு வெளியே நீர்ப்பகுதியில் இருக்கும் வைட்டமின் சி அதைப் பழைய நிலைக்கு மீட்கிறது. தாக்குதல் தொடங்கிய பின் அதை ஆறச் செய்கிற வேலை இது. அதனால் இதற்கே வந்த இன்னொரு சொல்லான ‘தடுப்பா’னை விட ‘ஆக்சிஜனேற்றத் தணிப்பி’ பொருத்தம்.

‘தடுப்பான்’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். தடுப்பான் என்று படித்ததும் மாத்திரை வாங்கி விழுங்கினால் முத்துப்பிள்ளை வராது என்று தோன்றிவிடும். 1985இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், உணவில் கரோட்டீன் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் நிறமி) குறைந்த பெண்களிடம் முழு முத்துப்பிள்ளை கூடுதலாகக் காணப்பட்டதாக எழுதினார்கள். 2003இல் துருக்கி மருத்துவர்கள், இந்த நோயுள்ள பெண்களின் இரத்தத்தில் தணிப்புத் திறன் குறைந்து பெராக்சைடு கூடியிருப்பதைக் காட்டினார்கள். இரண்டும் தொடர்பைச் சொல்கின்றன. எது காரணம், எது விளைவு என்பதை இவற்றைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. கருப்பையை உறிஞ்சிச் சுத்தம் செய்வதும், அதன் பின் இரத்தத்தில் எச்சிஜி (hCG, கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்) அளவைத் தொடர்ந்து பார்ப்பதும்தான் சிகிச்சை. அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ அடுத்த கர்ப்பத்தின் கருவுக்கே ஊறு செய்யும். இந்த வரிகளைக் கட்டுரையின் அடியில் ஒளிக்காமல், தணிப்பி என்ற சொல் முதலில் வரும் பத்தியிலேயே வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தலைப்பிலுள்ள ‘முத்துப்பிள்ளை’ பற்றிச் செவிலியர் அம்மா எழுப்பிய தயக்கம் நியாயமானது. முழு முத்துப்பிள்ளையில் கருவே இருப்பதில்லை. திராட்சைக் கொத்துப் போல நீர்க்கொப்புளங்கள்தான். ‘பிள்ளை’ என்ற சொல் அந்தத் தாயை எவ்வளவு வருத்தும் என்று அவர் கேட்டது என்னை உலுக்கியது. ஆனாலும் ‘மோலார் கர்ப்பம்’ என்று எழுதினால் வேதியியல் மாணவருக்குக் கரைசலின் செறிவும் பல் மருத்துவருக்குக் கடைவாய்ப்பல்லும்தான் நினைவுக்கு வரும். மக்கள் வழக்கில் உள்ள பெயரை வைத்துக்கொண்டு, இதில் குழந்தை உருவாகவில்லை என்பதை முதல் வரியிலேயே கனிவாகச் சொல்லிவிடலாம். பகுதி முத்துப்பிள்ளையில் கருவின் பகுதிகள் இருக்கக்கூடும் என்பதால் அந்த வரியைக் கவனமாக எழுத வேண்டும். அம்மாவே எழுதித் தந்தால் நல்லது.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் வழக்கில் ‘ஒட்சியேற்ற மிகை’, ‘ஒட்சியேற்றத் தணிப்பி’ என்று வைத்தால் பாடநூல் வழக்கோடு முரண்படுமா? முரண்படாது என்றால் இரண்டு வடிவங்களையும் சொற்பட்டியலில் அருகருகே சேர்த்துவிடுகிறேன்.