புது 125 வண்டி: நியூட்ரல் விழமாட்டேங்குது, செயின் சத்தம், டிஸ்க் கீச்சுங்குது

பள்ளத்தூர்_125:
வணக்கம். 125 சிசி எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன், கார்புரேட்டர் இல்லை) வண்டி, முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், 5 கியர். மீட்டரில் 430 கி.மீ. பள்ளத்தூர் – கோட்டையூர் – காரைக்குடி தினசரி ஓட்டம். முதல் சர்வீஸ் இன்னும் விடவில்லை.

1) வண்டி நின்றபிறகு நியூட்ரல் விழமாட்டேங்குது. 1-லிருந்து தூக்கினால் நேரா 2, அமுக்கினால் மறுபடி 1.
2) மேடு பள்ளத்தில் செயின் கவருக்குள்ளே சளக் சளக்.
3) ஆஃப் பண்ணியதும் சைலன்சர் பக்கம் டிக் டிக், கருகிய வாடை.
4) முன் டிஸ்க் கீச்சுங்குது, பிடிப்பும் குறைவு.
5) சில நேரம் முதல் கியர் போட்டதும் இன்ஜின் நின்றுவிடுகிறது.
6) ஷோரூமில் 40-க்கு மேல போகாதீங்க என்றார்கள். நண்பர்கள் நல்லா முறுக்கி ஓட்டினாதான் பிக்கப் வரும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

தேவகோட்டை_ரஸ்தா:
தம்பி, 3-ஐ விட்டுவிடுங்க. சூடான சைலன்சர் ஆறும்போது சுருங்கும், அதுதான் டிக் டிக். வாடை, புது பைப்பில் துருப்பிடிக்காமல் பூசியிருக்கும் எண்ணெய் எரிவது. கொஞ்ச நாளில் அடங்கிவிடும். பெட்ரோல் வாடையோ, பிளாஸ்டிக் உருகும் வாடையோ வந்தால் மட்டும் வண்டியை நிறுத்திப் பாருங்க. பெரும்பாலும் மழைக்கோட்டு, கேரி பேக் ஏதாவது சைலன்சரில் ஒட்டியிருக்கும்.

1-ம் 5-ம் ஒரே கோளாறாக இருக்கலாம். ஒன்று கேட்கிறேன்: கியர் போட்டதும் வண்டி முன்னாடி ஒரு வெட்டு வெட்டிவிட்டு நிற்கிறதா, சாவியை ஆஃப் பண்ணின மாதிரி சத்தமில்லாமல் அணைகிறதா?

பள்ளத்தூர்_125:
பெரும்பாலும் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் அண்ணே. ரெண்டு தடவை சத்தமில்லாமலும் அணைந்தது.

தேவகோட்டை_ரஸ்தா:
சத்தமில்லாமல் அணைவது சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். ஸ்டாண்ட் கீழே இருக்கும்போது நியூட்ரலில் இன்ஜின் ஓடும், கியர் விழுந்ததும் கரண்டை வெட்டிவிடும். அது பாதுகாப்புக்கு வைத்தது, கோளாறு இல்லை. ஸ்டாண்டை முழுசா தூக்கியும் அணைந்தால் சுவிட்சில் செம்மண் ஏறியிருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, ஸ்டாண்ட் ஸ்பிரிங் முழுசா இழுக்கிறதா பாருங்க. சுவிட்சை நீக்கி வயரை முறுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க, வாரண்டிக்கே வம்பு.

வெட்டிவிட்டு நிற்பது கிளட்ச் முழுசா விடாததால். லிவரைக் கடைசிவரை பிடித்தும் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டே சுற்றும். கியர்பாக்ஸ் மேல் அந்த இழுவை இருக்கும்வரை நியூட்ரல் லேசில் விழாது. புதுக் கேபிள் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும், உறை முனைகளும் அமரும். அதனால் லிவரில் ப்ளே, அதாவது சும்மா ஆடும் தூரம், கூடிவிடும்.

லிவர் நுனியில் ஸ்கேல் வைத்து, இறுக்கம் தொடங்கும்வரை எவ்வளவு சும்மா நகர்கிறது என்று பாருங்க. பெரும்பாலான 125 வண்டிகளுக்கு 10–20 மி.மீ. உங்க மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. கூட இருந்தால் ரப்பர் உறையைத் தள்ளி, லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை வெளியே வரும் பக்கம் திருகுங்க, ப்ளே குறையும். பிறகு லாக் நட்டை இறுக்கணும். மேல் அட்ஜஸ்டர் மரை பாதிக்கு மேல வெளியே வந்துவிட்டால் அதை உள்ளே விட்டுவிட்டு, இன்ஜின் பக்கம் உள்ள கீழ் அட்ஜஸ்டரில் சரிபண்ணுங்க.

ப்ளேயே இல்லாமல் இறுக்கிவிடாதீங்க. அது இதைவிட மோசம். கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த நிலையில் இருக்கும், இன்ஜின் சுற்று ஏறும், வண்டி ஏறாது, பிளேட் எரிந்துபோகும். முடித்தபிறகு இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை முழுசா இடமும் வலமும் திருப்புங்க. ஐட்லிங் மாறினால் ஏதோ கேபிள் இழுபடுகிறது, ஷோரூமில்தான் காட்டணும்.

நியூட்ரலுக்கு இன்னொன்று. வண்டி முழுசா நிற்கும் முன்னாடியே, உருளும்போதே 2-லிருந்து அரை மிதி மிதியுங்க. நின்றபிறகுதான் வேணும் என்றால் கிளட்சைக் கொஞ்சம் விட்டுப் பிடித்துவிட்டுத் தட்டுங்க. கியர் பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்பதால்தான் நகரமாட்டேங்குது.

ஸ்பேனர்_17:
செயினுக்கு நான் வருகிறேன். புதுச் செயின் ஆரம்பத்தில் வேகமாகத் தளரும், அது தேய்மானம் இல்லை, கண்ணிகளுக்குள் இருக்கும் ஊசியும் (பின்) அதன் உறையும் (புஷ்) அமர்வது. முதல் சர்வீஸுக்குள் ஒரு தடவையாவது இழுக்க வேண்டியிருக்கும்.

இன்ஜின் ஆஃப், சென்டர் ஸ்டாண்ட், நியூட்ரல். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளி, மொத்த ஆட்டத்தை அளங்க. சாதாரணமாக 20–30 மி.மீ. கேட்பார்கள், சில வண்டிக்கு இன்னும் கொஞ்சம் கூட. செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஸ்டிக்கர் இருக்கும். ஒரே இடத்தில் அளக்காதீங்க. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, எங்கே மிகவும் டைட்டாக இருக்கிறதோ அங்கே அளந்ததுதான் கணக்கு.

ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று, கால் சுற்றாக ஒரே அளவு திருகுங்க. ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடு இருக்கும். இடது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதே கோட்டில் வலதும் நிற்கணும். இல்லாவிட்டால் சக்கரம் கோணலாகி செயினும் ஸ்ப்ராக்கெட்டும் (பல்சக்கரம்) ஒரு பக்கமாகத் தேயும். ஆக்ஸிலை இறுக்கியபிறகு மறுபடி அளங்க, இறுக்கும்போது கொஞ்சம் மாறும்.

நிறைய பேர் சத்தம் போகணும் என்று செயினை வில் நாண் மாதிரி இறுக்கிவிடுகிறார்கள். பின்னாடி ஆள் உட்கார்ந்து ஷாக் அமுங்கினால் செயின் இன்னும் இறுகும். அப்போது தளர்வே இல்லை என்றால் அந்த இழுவை முழுக்க கியர்பாக்ஸ் பேரிங்குக்குப் போகும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் லூஸ் பக்கமே விடுங்க.

யாரும் சொல்லாத ஒன்று: சக்கரம் பின்னாடி நகர்ந்தால் டிரம் பிரேக் ராடும் இழுபடும். செயின் வேலை முடிந்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்க, பிரேக் உரசக்கூடாது. பெடல் ப்ளே 20–30 மி.மீ. இருக்கணும். ராடு நட்டைத் திருகி வையுங்க, பிரேக் லைட் சரியான இடத்தில் எரிகிறதா என்றும் பாருங்க.

கோவிலூர்_பைபாஸ்:
எதுக்கு இவ்வளவு? டீசல் ஊற்றிக் கழுவி விட்டால் செயின் சத்தம் போயிடும்.

ஸ்பேனர்_17:
டீசல் அழுக்கைக் கழற்றும். ஆனால் அதுவே வழுவழுப்பு இல்லை, ரெண்டு நாளில் செயின் காய்ந்துவிடும். தூரிகையால் மண்ணெண்ணெய் தடவி, துணியால் துடைத்து, காயவிட்டு, அப்புறம் 90 கிரேடு கியர் ஆயிலோ செயின் ஸ்ப்ரேயோ உள்பக்கம் படும்படி விடுங்க. சக்கரம் சுற்றும்போது எண்ணெய் தானாக வெளியே பரவும். பத்து நிமிஷம் கழித்து மிச்சத்தைத் துடைக்கணும், டயரில் ஒரு சொட்டும் படக்கூடாது. 500 கி.மீ.க்கு ஒரு தடவை, மழையில் ஓட்டினால் அன்றைக்கே. கண்ணிகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினாக இருந்தால் பெட்ரோல் பக்கமே போகக்கூடாது, ரப்பர் கெட்டுவிடும்.

கிரீஸ் வேண்டாம். நம்ம ஊர் செம்மண் புழுதி அதில் ஒட்டி செயினை அரைத்துத் தள்ளிவிடும்.

முக்கியமாக, இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணி பிடிக்காதீங்க. விரல் போய்விடும். கையால் சக்கரத்தைச் சுற்றினால் போதும்.

தேவகோட்டை_ரஸ்தா:
டிஸ்க்: புது பிரேக் பேடும் புது டிஸ்க்கும் முழுப் பரப்பில் பொருந்தும்வரை சத்தமும் வரும், பிடிப்பும் குறையும். ஆள் இல்லாத நேரான ரோட்டில், பின்னாடி வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 40–50-லிருந்து 10 வரை மெதுவாக, சீராகக் குறையுங்க. கொஞ்ச தூரம் சும்மா ஓட்டி ஆறவிட்டு மறுபடி. எட்டு பத்து தடவை செய்தால் வித்தியாசம் தெரியும். சக்கரம் பூட்டுகிற மாதிரி அடித்துப் பிடிக்க வேண்டாம். முதல் 200–300 கி.மீ.க்கு முன்வண்டியோடு இடைவெளியைக் கூட்டி வையுங்க.

உங்களுக்கு 430 ஆகியும் பிடிப்பு குறைவு என்றால் டிஸ்க்கில் பாலிஷோ எண்ணெயோ பட்டிருக்கலாம். டெலிவரியின்போது பளபளப்புக்கு ஏதாவது அடித்துவிடுகிறார்கள். பிரேக் கிளீனர் அடித்து சுத்தமான துணியால் துடையுங்க. அதற்கும் போகாவிட்டால் பேடைக் கழற்றிப் பார்க்கணும், சர்வீஸில் சொல்லுங்க. லிவர் கொழகொழ என்று உள்ளே போனால் கதையே வேறு. லைனில் காற்று இருக்கும், உடனே காட்டணும், சர்வீஸ் தேதிவரை காத்திருக்கக்கூடாது.

புது டயரும் முதல் 100–150 கி.மீ. வழுக்கும், நீங்க அதைத் தாண்டிவிட்டீங்க. ஆனால் காற்றைப் பாருங்க. ஷோரூமிலிருந்து வரும்போது நிறைய வண்டியில் தேவைக்கு மேல இருக்கும். இந்த வகை வண்டிக்கு பொதுவாக முன் 25, பின் தனியாகப் போக 28–29, ஆள் ஏற்றினால் 32–36 பிஎஸ்ஐ. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்த அளவுதான் உண்மை. சித்திரை வெயிலில் காரைக்குடிவரை ஓட்டிவிட்டு பங்க்கில் பார்த்து, கூட இருக்கிறதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் குறைவாகத்தான் இருக்கும்.

கோவிலூர்_பைபாஸ்:
6-க்கு நான் சொல்கிறேன். 1000 கி.மீ. வரை 40 தாண்டவே கூடாது. மெதுவா ஓட்டினால் இன்ஜின் நூறு வருஷம் வரும்.

ஸ்பேனர்_17:
பாதி சரி. வேகம் முக்கியமில்லை, இன்ஜின் மேல் விழும் சுமைதான் முக்கியம். 5-ஆவது கியரில் 30-ல் ஆளை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறி, கடகட என்று இன்ஜின் திணறுவது, சரியான கியரில் 50 போவதைவிடக் கெடுதல். சிலிண்டர் சுவரில் ஹோனிங் பண்ணின மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும். பிஸ்டன் ரிங் அதில் தேய்ந்து அமரணும். அதற்கு சுமை ஏறி இறங்கணும். ஒரே வேகத்தில் போனால் சரியாக அமராது. முழுக்க முறுக்கினால் சூடு ஏறி சுவரைக் கீறும்.

அதனால் முதல் 500-க்கு அரை ஆக்ஸிலேட்டர், 1000 வரை முக்கால், அதற்குள் ஏற்றி இறக்கி ஓட்டுங்க. திருமயம் பக்கம் நேர் ரோட்டில் அரைமணி நேரம் ஒரே 50-ல் பிடித்துக்கொண்டு போவதும் தப்பு. காலையில் ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷம் போதும், நின்ற இடத்தில் முறுக்கி சூடாக்க வேண்டாம்.

எஃப்ஐ வண்டியில் சாவி போட்டதும் டேங்கில் பம்ப் ரெண்டு மூணு நொடி உய்ங் என்று ஓடும். அது அடங்கி, இன்ஜின் விளக்கும் செல்ஃப் செக் முடித்தபிறகு செல்ஃப் அடிங்க. அந்தப் பம்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான். அதனால் கடைசி சொட்டுவரை ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்க.

பள்ளத்தூர்_125:
கிளட்ச் ப்ளே 30 மி.மீ. இருந்தது. 15-க்குக் கொண்டுவந்தேன், நியூட்ரல் விழுகிறது, வெட்டும் இல்லை. செயின் 45 ஆடுகிறது, ஆனால் ஆக்ஸில் நட்டுக்கு ஸ்பேனர் இல்லை. சர்வீஸில் என்னென்ன கேட்கணும்?

தேவகோட்டை_ரஸ்தா:
45-ஐ சர்வீஸ்வரை விடாதீங்க, நாளைக்கே இழுத்துவிடுங்க. செயின் கழன்றால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம்.

முதல் சர்வீஸ் கம்பெனிக்கு ஏற்ப 500-லிருந்து 1000 கி.மீ.க்குள், அல்லது புத்தகத்தில் போட்டிருக்கும் நாளுக்குள், எது முந்தியோ அது. இலவசம் என்றால் கூலி மட்டும்தான், ஆயில் காசு நீங்கதான் கொடுக்கணும். ஆயில் கட்டாயம் மாற்றணும். புது இன்ஜின் தேய்ந்த இரும்புத்தூள் அதில்தான் இருக்கும். ஆயில் ஃபில்டரோ ஸ்ட்ரெயினரோ, எது இருக்கிறதோ அதையும் பார்க்கச் சொல்லுங்க. கிரேடு மேனுவலில் உள்ளது, 10டபிள்யூ-30 என்றால் 10டபிள்யூ-30-யேதான், டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்ற குறி) இருக்கணும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டாப்பெட் (வால்வு இடைவெளி), ஹேண்டில் கோன்செட் (ஹேண்டில் பேரிங்), பேட்டரி முனை இறுக்கம், நட்டு போல்ட்டு இவ்வளவும் கேளுங்க. டெஃப்லான் கோட்டிங், இன்ஜின் ஃப்ளஷ் என்று பில்லில் ஏற்றுவார்கள், புது வண்டிக்கு ரெண்டும் தண்டம்.

கானாடுகாத்தான்_முகப்பு:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கணும். நானும் புது வண்டி எடுத்திருக்கிறேன். வெளிநாட்டு வேலை, நாலு மாசம் வீடு பூட்டிக் கிடக்கும், வண்டி முகப்பில் நிற்கும். பக்கத்து வீட்டுப் பையனை வாரம் ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லலாமா?

ஸ்பேனர்_17:
வேண்டாம் அண்ணே. ரெண்டு நிமிஷத்தில் இன்ஜின் சூடாகாது. எரியும்போது வரும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராக நின்றுவிடும். செல்ஃப் எடுத்த கரண்டும் பேட்டரிக்குத் திரும்பி ஏறாது. ஒன்று, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை 10–15 கி.மீ. ஓட்டச் சொல்லுங்க. இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

தொடாமல் விடுவதாக இருந்தால் டேங்கை நிரப்பிவிடுங்க. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். டேங்கில் வெற்றிடம் குறைந்தால் ஈரமும் துருவும் குறையும். பேட்டரியில் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்க. திரும்பி வந்து மல்ட்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. எஃப்ஐ வண்டி பேட்டரி முழுசா இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது கஷ்டம், பம்புக்கே கரண்ட் வேணும்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்க, அடியில் ஒரு பலகை போடுங்க. ஆத்தங்குடி கல்லில் ஸ்டாண்ட் முனை அழுத்தினால் விரிசல் விடும், எண்ணெய் சொட்டினால் கறை போகவே போகாது. சைலன்சர் வாயை பிளாஸ்டிக்கால் கட்டுங்க, எடுக்கும்போது மறக்காமல் அவிழ்க்கணும். பூட்டின வீட்டில் எலி வயரைத்தான் முதலில் பார்க்கும், ஏர் ஃபில்டர் பெட்டியிலும் கூடு கட்டும். வந்ததும் சீட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு சாவி போடுங்க. விளக்கேற்றும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டி வேண்டாம்.

கானாடுகாத்தான்_முகப்பு:
நன்றி தம்பி. இன்ஷூரன்ஸ் 5 வருஷம் எடுத்திருப்பதால் அது பிரச்சினை இல்லைதானே?

தேவகோட்டை_ரஸ்தா:
பாலிசியை எடுத்துப் பாருங்க அண்ணே. 5 வருஷம் என்பது தேர்டு பார்ட்டி, அதாவது அடுத்தவர்களுக்கு ஆகும் சேதத்துக்கு. உங்க வண்டிக்கு ஆகும் சேதம், திருட்டு இதெல்லாம் ஓன் டேமேஜ், அது பெரும்பாலும் 1 வருஷம்தான் போட்டிருப்பார்கள். முடியும் தேதி தனியாக அச்சடித்திருக்கும். நீங்க ஊரில் இல்லாதபோது முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்க.

பள்ளத்தூர்_125:
செயின் இழுத்தாச்சு, 25-ல் நிற்கிறது. சளக் சத்தம் இல்லை. டிஸ்க் கீச்சு மட்டும் இன்னும் லேசா இருக்கிறது, பிரேக் கிளீனர் வாங்கணும்.

ஸ்பேனர்_17:
அடிக்கும்போது பெயிண்ட்டில் படாமல் துணி வைத்துக்கோங்க.