மீந்த பீஃப் ரோஸ்ட்டும் பாட்டியோட கறி மெஷினும்

குழு: பெரம்பூர் ஃபேமிலி
வியாழக்கிழமை

ஸ்டெல்லா அத்தை 7:52
எல்லாரும் எழுந்தாச்சா? நேத்து நைட் எங்க வெள்ளி விழாவுக்கு 40 பேருக்கு செஞ்சேன், மழையில வந்தது 16 பேர். ரோஸ்ட் அப்படியே கெடக்கு, உருளைக்கிழங்கு ஒரு குண்டான். யாராச்சும் வந்து எடுத்துட்டுப் போங்கப்பா

லீலா அத்தை 7:55
புடவை கட்டி கிளம்பியாச்சு ஸ்டெல்லா. மாம்பலத்துல ட்ரெயின் நின்னது நின்னதுதான். திரும்பிட்டேன்

டேவிட் 7:56
கணேசபுரம் சப்வே ஃபுல் தண்ணி அத்தை. புளியந்தோப்புலயே போலீஸ் திருப்பி விட்டுட்டாங்க

ஸ்டெல்லா அத்தை 7:58
25 வருஷத்துக்கு ஒரு வாட்டி வெள்ளி விழா. அன்னைக்கே பேயணுமா

சேவியர் மாமா 7:58
நம்ம கல்யாணத்தன்னைக்கும் மழைதான்

ஸ்டெல்லா அத்தை 7:59
அப்பவே புரிஞ்சிருக்கணும்

ரோசி பெரியம்மா 8:04
ஸ்டெல்லா இன்னைக்கே தீத்துடணும். நாளைக்கு வெள்ளி. நாங்க ரெண்டு பேரும் கறி தொடமாட்டோம்

டேவிட் 8:05
பெரியப்பாவுமா?

ரோசி பெரியம்மா 8:05
ஏன்?

டேவிட் 8:06
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பீட்டர் பெரியப்பா 8:17
அனைவருக்கும் காலை வணக்கம். ஸ்டெல்லா, மீந்த ரோஸ்ட்டை அப்படியே சுட வெச்சு மட்டும் சாப்பிடாதே. மறுநாள் கறியில ஒரு பழைய வாடை வரும், அது கொழுப்புல காத்து பட்டு வர்றது. மிளகு, பூண்டு, வினிகர் மூணும் சேந்தாதான் அடங்கும். நான் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரியில சேந்த புதுசுல ரயில்வே காலனியில ஆங்கிலோ இந்தியன் வீடுங்க நெறைய. ஞாயித்துக்கிழமை ரோஸ்ட் போட்டா திங்கக்கிழமை ஜல்ஃப்ரெஸி, அது எழுதாத சட்டம். இப்ப ஓட்டல்ல குடமிளகா போட்டு செவப்பா ஒரு குழம்பு தர்றானே, அது வேற. முறை சொல்றேன். கறியை ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே, ஜில்லுனு இருக்கும்போதே வெட்டணும். சூடாயிட்டா பிஞ்சி பிஞ்சி வரும். நாருக்குக் குறுக்க, விரல் அகலம், மெலிசா. வெங்காயம் கறிக்கு சரி பாதி எடை, நீளமா நறுக்கி. பச்சை மிளகா கீறி, பூண்டு தட்டி, காஞ்ச மிளகா நாலு, மஞ்சள் ஒரு சிட்டிகை. வெங்காயம் கண்ணாடி ஆனதும் நிறுத்திடணும், பொன் நிறம் வரை விடக்கூடாது. கறி கடைசியில. மூணு நிமிஷம். அது அன்டர்கட், முதுகெலும்புக்குக் கீழ இருக்கற மெத்துனு கறி, ஏற்கனவே வெந்தது, இன்னும் கொதிக்க விட்டா செருப்புத்தோல். ரோஸ்ட் கிரேவி ரெண்டு கரண்டி, வினிகர் ஒரு ஸ்பூன், இடிச்ச மிளகு. இறக்கு

லீலா அத்தை 8:18
குட் மார்னிங் அண்ணே

டேவிட் 8:18
கலெக்டர் லீவு விட்டாரா?

கவிதா 8:19
விட்டாச்சு. பையன் எழுந்து கேட்டுட்டு மறுபடி படுத்துட்டான்

ஷைனி 8:24
டூட்டி முடிஞ்சு இப்பதான் பாக்கறேன். அத்தை, எத்தனை மணிக்கு ஃபிரிட்ஜ்ல வெச்சீங்க?

ஸ்டெல்லா அத்தை 8:26
வெட்டாத ரோஸ்ட் மூணு. யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஃபாயில் சுத்தி கிழங்கோட சேத்து 9 மணிக்கெல்லாம் வெச்சுட்டேன். வெட்டி தட்டுல வெச்சது மேசையிலயே இருந்தது

ஷைனி 8:26
எதுவரைக்கும்?

ஸ்டெல்லா அத்தை 8:28
சேவியர் ஃப்ரெண்ட்ஸ் பாடி முடிக்கறவரைக்கும்

சேவியர் மாமா 8:28
11.30

ஷைனி 8:31
தட்டுல இருந்தது குப்பைக்கு அத்தை. சமைச்ச கறி வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாது

பீட்டர் பெரியப்பா 8:33
நல்லா கொதிக்க வெச்சா எந்தக் கிருமியும் இருக்காதும்மா. எங்க அம்மா காலத்துல ஃபிரிட்ஜே கிடையாது

ஷைனி 8:35
பாட்டி தினமும் வாங்கி தினமும் தீத்தாங்க பெரியப்பா. சில கிருமி கொதிச்சா சாகும், அது விட்ட நஞ்சு சாகாது. பெரிய துண்டு கறி நடுவுல ஆறவும் லேட் ஆகும், அந்த வெதுவெதுப்புலதான் பெருகும். நேத்தே ரெண்டா வெட்டி வெச்சிருக்கணும்

ரோசி பெரியம்மா 8:36
நர்ஸ் சொன்னா கேளுங்க

லீலா அத்தை 8:36
நாய்க்குப் போடலாமே. தெரு முனையில அந்த வெள்ளை நாய்

ஷைனி 8:37
வெங்காய மசாலா இருக்கு. நாய்க்கு வெங்காயம் ஆகாது

ஜெர்ரி லீட்ஸ் 8:41
என்ன ரோஸ்ட் ஃபைட்டா. இங்க இங்கிலாந்துல மணி 3, நைட் ஷிஃப்ட். ஹேப்பி ஆனிவர்சரி சின்னம்மா சித்தப்பா

ஸ்டெல்லா அத்தை 8:42
தேங்க்ஸ் கண்ணா. சாப்பிட்டியா

ஜெர்ரி லீட்ஸ் 8:44
சாண்ட்விச். இங்கயும் ஞாயித்துக்கிழமை ரோஸ்ட்தான். மீந்தா காட்டேஜ் பை. கொத்துன கறி கீழ, மசிச்ச உருளைக்கிழங்கு மேல, ஓவன்ல வெச்சு மேல் பக்கம் முறுகலா எடுப்பாங்க. ஆட்டுக்கறியில செஞ்சாதான் ஷெப்பர்ட்ஸ் பை. கிழங்கு மட்டும் மீந்தா முட்டைகோஸ் போட்டுப் பெரட்டிடுவாங்க. காரம் சுத்தமா கிடையாது

லீலா அத்தை 8:45
பாவம் என் புள்ளை

ஸ்டெல்லா அத்தை 8:46
ஓவன் இருக்கு. உள்ள உங்க சித்தப்பாவோட பழைய ஈபி பில் எல்லாம் இருக்கு

சேவியர் மாமா 8:47
நனையாத ஒரே இடம் அதான்

பீட்டர் பெரியப்பா 8:58
கிழங்கைப் பத்தி சொல்ல விட்டுப்போச்சு. நம்ம ஊருக்கு பை வேண்டாம், பொட்டேட்டோ சாப்ஸ் போடு. வறுத்து ஃபிரிட்ஜ்ல வெச்ச கிழங்கு கல்லு மாதிரி இறுகியிருக்கும். மாவுச்சத்து அப்படித்தான், ஆறினா கெட்டிப்படும். வில்லையா வெட்டி ஜல்ஃப்ரெஸியில போட அது நல்லது, ஒடையாது. அதை முதல்ல தனியா எண்ணெயில ஒட்டாத அளவுக்கு செவக்க விட்டு எடுத்து வெச்சுக்கோ. ஆனா சாப்ஸுக்கு ஜில்லுனு மசிச்சா கட்டி கட்டியா நிக்கும். இட்லிப் பானையில அஞ்சு நிமிஷம் ஆவி காட்டு, முறுகின தோலை எடுத்துட்டு சூட்டோட மசி. தண்ணி படக்கூடாது, பட்டா எண்ணெயில பிரிஞ்சுடும். கறியை அரைச்சு வெங்காயம், பச்சை மிளகா, புதினா, மிளகோட வதக்கி நல்லா ஈரம் வத்த விடு. உள்ளங்கையில கிழங்கைத் தட்டி, நடுவுல கறி வெச்சு மூடி, முட்டையில முக்கி, ரஸ்க் தூள்ல பெரட்டி, தோசைக்கல்லுல நெறைய எண்ணெய் விட்டு ரெண்டு பக்கமும். கறியை மிக்ஸியில மட்டும் அரைக்காதே, பசை ஆயிடும். அம்மாவோட கறி மெஷின்ல அரை

ஸ்டெல்லா அத்தை 9:00
அது எங்க இருக்கு அண்ணே?

டேவிட் 9:00
ஐயோ

லீலா அத்தை 9:03
நானும் கேக்கணும்னே இருந்தேன். அம்மா அடக்கம் முடிஞ்சு வந்து பாக்கறேன், மேசை ஓரத்துல அந்த திருகு அழுத்துன தழும்பு மட்டும் இருக்கு. மெஷின் இல்ல

ரோசி பெரியம்மா 9:05
யாரும் திருடல லீலா. துருப்பிடிக்குமேன்னு எண்ணெய் போட்டு துணியில சுத்தி வெச்சிருக்கேன்

லீலா அத்தை 9:05
எங்க?

ரோசி பெரியம்மா 9:07
எங்க வீட்டு பரண்ல

லீலா அத்தை 9:07
சரி

கவிதா 9:08
"சரி" பயமா இருக்கு

டேவிட் 9:08
கவி இது ஃபேமிலி குரூப்

பீட்டர் பெரியப்பா 9:10
மெஷின் பத்திரமா இருக்கு. சுத்துற கைப்பிடிதான் காணோம். அதனாலதான் இத்தனை வருஷம் எடுக்கல

லீலா அத்தை 9:11
கைப்பிடி எங்கிட்ட இருக்கு

ஜெர்ரி லீட்ஸ் 9:11
அம்மா???

லீலா அத்தை 9:13
ஞாபகத்துக்கு எடுத்து வெச்சேன். அம்மா கை பட்டு பட்டு அந்த மரக் கட்டை வழவழன்னு இருக்கும்

ஸ்டெல்லா அத்தை 9:15
அப்ப அக்கா கைப்பிடியோட வா, அண்ணன் மெஷினோட வரட்டும். மதியம் ஜல்ஃப்ரெஸி, சாயந்தரம் சாப்ஸ். சேவியர் பிரெட் வாங்கிடுவார்

லீலா அத்தை 9:16
கைப்பிடியை கொண்டு வரேன். விட்டுட்டுப் போறதாச் சொல்லல

கவிதா 9:18
அத்தை, நான் மாட்டுக்கறி சாப்பிடறதில்லன்னு உங்களுக்குத் தெரியும். அந்த கிழங்கு மட்டும்?

ஸ்டெல்லா அத்தை 9:19
அதுவும் கறிச் சாறுலதான் வறுத்தேன்மா. உனக்கு புதுக் கிழங்கு அவிச்சு முட்டை வெச்சு சாப்ஸ் போடறேன்

பீட்டர் பெரியப்பா 9:20
அதை முதல்ல பொரிக்கணும். எண்ணெய் மாறக்கூடாது. தனிக் கரண்டி

கவிதா 9:20
தேங்க்ஸ் பெரியப்பா

ஷைனி 9:22
நேத்து நைட் அங்க கரண்ட் கட்டாமே? எவ்வளவு நேரம்?

ஸ்டெல்லா அத்தை 9:23
1 மணில இருந்து 4 மணி

ஷைனி 9:24
ஃபிரிட்ஜ் திறக்கலன்னா ஓகே. மூடியே இருந்தா 4 மணி நேரம் தாங்கும்

சேவியர் மாமா 9:27
ஒரு தடவை திறந்தேன்

ஸ்டெல்லா அத்தை 9:27
எதுக்கு?

சேவியர் மாமா 9:29
3 மணிக்கு லைன்மேன் ரெண்டு பேர் கொட்டற மழையில கம்பத்துல ஏறி நின்னாங்க. ஒரு ரோஸ்ட்டும் பன்னும் கொடுத்தேன். அதுக்கப்புறம்தான் கரண்ட் வந்துச்சு

டேவிட் 9:29
மாமா மாஸ்

ஸ்டெல்லா அத்தை 9:30
அப்ப இருக்கறது ரெண்டா?

சேவியர் மாமா 9:32
ஒண்ணே முக்கால். நானும் நனைஞ்சேன்ல

ஷைனி 9:33
திறந்து உடனே மூடியிருந்தா பரவால்ல. கை வெச்சா இன்னும் ஜில்லுனு இருக்கான்னு பாருங்க அத்தை. எதுன்னாலும் ஆவி பறக்க சூடு பண்ணணும், சும்மா வெதுப்பக்கூடாது

பீட்டர் பெரியப்பா 9:34
நான் சொன்ன மூணு நிமிஷம் பெரிய தீயில

ஸ்டெல்லா அத்தை 9:36
ஜில்லுனு இருக்கு. ஒண்ணே முக்கால்ல ஜல்ஃப்ரெஸியும் சாப்ஸும் ரெண்டும் வராது. எது செய்ய?

டேவிட் 9:36
சாப்ஸ்

ஜெர்ரி லீட்ஸ் 9:36
ஜல்ஃப்ரெஸி. போட்டோ போடுங்க

ரோசி பெரியம்மா 9:37
எதுவா இருந்தாலும் இன்னைக்கு

லீலா அத்தை 10:48
பார்க் ஸ்டேஷன்ல இறங்கி மூர் மார்க்கெட் ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். அடுத்த லோக்கல்ல வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன். கைப்பிடி பேக்ல இருக்கு. அண்ணன் கிளம்பிட்டாரா?

பீட்டர் பெரியப்பா 10:50
கிளம்பிட்டேன்

ரோசி பெரியம்மா 10:51
இன்னும் குளிக்கவே இல்ல. பரண்ல ஏற டேவிட் வரணுமாம்