சட்டச் சிக்கலை ஏஐயிடம் கேட்டவர்கள்: என்ன பதில் கிடைத்தது?

சென்னை வாடகைதாரர்
வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த பிறகும் உரிமையாளர் 10 மாத அட்வான்ஸைத் தராமல் இழுத்தடித்தார். ஒரு சாட்பாட்டிடம் தமிழிலேயே கேட்டேன். குடியிருப்புக்கு 2 மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதே தவறு என்று அடித்துச் சொன்னது. அட்வான்ஸைக் கண்டுபிடித்த ஊரில் இப்படியொரு சட்டமா என்று எனக்கே சந்தேகம். விசாரித்தால், அது மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம். மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொள்வதற்கான முன்மாதிரி. தமிழ்நாட்டுக்கு 2017 சட்டம் தனியாக இருக்கிறது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 3 மாதம். அதுவும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதிருந்தால்தான். நான் 10 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டவன். ஆகவே 'அதிகம் வாங்கினார்' என்ற பேச்சுக்கே இடமில்லை. 'திருப்பித் தரவில்லை' என்பதுதான் என் புகார். இதை விளக்கியதும் அதே சாட்பாட் தேதி, தொகை, ரசீது என்று வரிசைப்படுத்தி அருமையான மனு எழுதிக் கொடுத்தது. மனு எழுதுபவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய பணம் மிச்சம்.

சட்ட உதவி மையத் தன்னார்வலர்
தம்பி, வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா? எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சாட்பாட்டும் அதைக் கேட்பதில்லை.

இப்போதெல்லாம் மையத்துக்குக் கைப்பேசியைக் காட்டியபடியேதான் வருகிறார்கள். "420 போடலாம் என்று சொல்லிவிட்டது மேடம்." 2024 ஜூலை 1 முதல் மோசடிக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு. ஆனால் அதற்கு முன்பு நடந்த ஏமாற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420தான். எனவே நான் முதலில் கேட்பது, "எப்போது நடந்தது?" சாட்பாட் தேதியைக் கேட்காமலேயே பிரிவைச் சொல்லிவிடுகிறது. இன்னொரு வேண்டுகோள்: எஃப்ஐஆரைப் படம் எடுத்து அப்படியே பதிவேற்றாதீர்கள். அதில் உங்கள் பெயர் மட்டுமா இருக்கிறது?

தஞ்சைப் பெண்
பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்டதற்கு அண்ணன், "2005இல் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார், உனக்கு உரிமையில்லை" என்றார். சாட்பாட்டும் அதையே சொன்னது. 2015இல் வந்த தீர்ப்பு ஒன்று அப்படித்தான் இருந்ததாம். இலவச சட்ட உதவி எண்ணான 15100க்குப் போன் செய்து, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வழக்கறிஞரைப் பார்த்தேன். 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை, திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை என்றார். அத்தோடு விடவில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டார். அப்படி இருந்தால் அதைக் கலைக்க முடியாதாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டிருக்கிறேன். பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே எனக்கு இலவச வழக்கறிஞர். 1987ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இருக்கும் வசதி. என் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அந்த எண்ணை முதல் வரியிலேயே சொல்லும் சாட்பாட்டாக இருந்தால் நானே நாலு பேருக்குச் சொல்வேன்.

இளம் வழக்கறிஞர்
அக்கா சொன்னதுபோல் பழைய தீர்ப்பாக இருந்தால் பரவாயில்லை. இல்லாத தீர்ப்பையே சாட்பாட் உருவாக்கும். 2023இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கொடுத்த கற்பனை வழக்குகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்கின் பெயரை நீதிமன்றத் தளத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஈரோடு ஜவுளிக் கடைக்காரர்
என் அனுபவம் கொஞ்சம் வேறு. செக் பணமில்லாமல் திரும்பி வந்தது. திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது போய்ச் சேர்ந்த பிறகு 15 நாள் அவகாசம், அதற்கும் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார் என்று சாட்பாட் கணக்காகச் சொன்னது. கெடு தெரியாமல் இருந்திருந்தால் தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று சும்மா இருந்திருப்பேன். அது எழுதிய நோட்டீஸில் வட்டியையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டிருந்தது. வழக்கறிஞர் அதைச் சிவப்பு மையால் அடித்து, செக்கில் உள்ள தொகையை மட்டும் எழுதினார். தொகை மாறினால் நோட்டீஸே செல்லாமல் போகும் என்றார். 15 நாள் கெடு முடிவதற்குள் பணம் வந்துவிட்டது. வட்டியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.